மறுபடியும் அ

11 ஜனவரி 2025, சனி

வெள்ளாடு ஈன்றது. இரண்டும் கிடாய். இதை எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். எழுபது வயதில் சின்னக்கருப்பன் எழுதுகிறேன்!

சனிக்கிழமைதோறும் கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் சமுதாயக்கூடத்துக்கு வந்து எழுத்துச் சொல்லித்தருகிறார்கள். ஊருக்கு உழைப்பதும் அவர்களுக்குப் பாடமாம், மார்க் உண்டாம். எனக்கும் என் வீட்டுக்காரி பாண்டியம்மாளுக்கும் ஐரின் டீச்சர்.

பக்கத்து வீட்டு மலைச்சாமிக்குக் கேலி. "மாப்ள, பேனா புடிச்ச கையி இனி மம்பட்டி புடிக்குமாடா?"

1 பிப்ரவரி, சனி

மகளிர் குழுவில் பாண்டி மட்டும்தான் கைநாட்டு. இவள் விரலில் மை தடவும்போது மற்றவர்கள் வேறு பக்கம் பார்க்கிறார்களாம். "சிரிச்சாக்கூடப் பரவாயில்ல" என்றாள். தன் பெயரை முழுதாக எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. களையெடுப்புக்குப் போவதால் பாதி வகுப்பு தவறிவிடுகிறது. இன்று "பாண்" வரை வந்துவிட்டாள்.

8 மார்ச், சனி

வகுப்பு முடிந்துவிட்டது. அவர்களுக்குக் குறித்த மணிநேரம் தீர்ந்துவிட்டதாம்.

பேராசிரியர் அசோக்குமார் வந்தார். பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டோம் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஐரின் அழுதுவிட்டாள். "புத்தகத்துல படிச்ச கிராமம் வேற, பாண்டியம்மா பாட்டி வேற சார். பாட்டி இன்னும் பேரெழுதி முடிக்கல. எப்படிப் போறது?"

"செமஸ்டர் முடியுதேம்மா" என்றார் அவர். அவர்தான் என்ன செய்வார்?

எங்களுக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பாண்டியின் சிலேட்டில் "பாண்" மட்டும் நிற்கிறது.

16 மார்ச், ஞாயிறு

ஐரின் தானாகவே பஸ் ஏறி வந்தாள். பாண்டி காட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஐரின் வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் போனாள். இனி அவளுக்குப் பரீட்சை.

27 ஏப்ரல், ஞாயிறு

நானே சொல்லித்தருகிறேன் என்றேன் பாண்டியிடம்.

"உங்ககிட்டயா? சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவீக!"

சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதும் சரிதான். சொல்லிக் காட்டத்தான் செய்வேன்.

12 ஜூலை, சனி

புதுப் பிள்ளைகள் வந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் பத்துப் பேராவது இருந்தால்தான் இங்கே வகுப்பு, இல்லையென்றால் வேறு ஊர். எண்ணிப் பார்த்தார்கள். ஒரு ஆள் குறைந்தது.

பாண்டி என்னைப் பார்த்தாள்.

கையைத் தூக்கினேன். மலைச்சாமி வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன்.

ஸ்டீபன் என்ற பையன் என் கையைப் பிடித்து அ எழுத வைத்தான். வேண்டுமென்றே கோணலாக எழுதினேன். "பரவால்ல தாத்தா, மெதுவா வரும்."

பாண்டிக்கு "பாண்" மறந்துபோயிருந்தது. அவளுக்கும் அ.

8 நவம்பர், சனி

கடைசி வகுப்பு. ஒன்றுமே தெரியாமல் வந்த தாத்தா பெயர் எழுதப் பழகிவிட்டார் என்று ஸ்டீபன் நெகிழ்ந்து பேசினான். எனக்குச் சால்வை போட்டார்கள். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

களையெடுப்பு, காய்ச்சல் — பாண்டி இந்த முறையும் "பாண்" வரைதான். நாளைக்குக் குழுக் கூட்டம். மையைத் தொடத்தான் வேண்டும்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் பாண்டி கேட்டாள்: "வார வருசமும் உங்களுக்கு எழுதத் தெரியாதுல்ல?"

"தெரியாது" என்றேன்.