எர்த்துக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஏரியலுக்கு மாலை போட்டவர்கள்

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

உன் கருமாதியன்று சாயங்காலம் உன் ரேடியோ அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். என் மகன் செல்வம். அவன் பெண்டாட்டி முத்துமாரி. பரளச்சியிலிருந்து வந்த பெரியம்மா மகள் பேச்சியம்மா. துக்க வீட்டிலும் காப்பியில் சீனி பத்தவில்லை என்று சொன்ன எம்.ரெட்டியபட்டி குருசாமி மச்சான். பந்தல்காரர் சந்தனம். நான். அப்புறம் உன் ரேடியோ சங்கத்துக்காரன். நம் வீட்டுக் கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும் பல வருசம் தின்றவன். அவன் பேரைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் மிச்சத்தை எழுதக் கை கூசும்.

வாசலில் உனக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் உன்னைவிடச் சங்கத்துக்காரன் படம் பெரிதாக இருந்தது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன்.

அன்றைக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான். மலையாளத்துக் கடலோரத்தில் உன் சிநேகிதர் குஞ்ஞம்பு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கிற நேரமானால் நீ இங்கே கட்டு கடா என்று தந்திச் சாவியைத் தட்ட, அவர் அங்கே தட்ட, முகமே பார்க்காமல் ரெண்டு பேரும் கிழவனாகிவிட்டீர்கள். நீ போனதை அவர் மகளுக்குப் போனில் சொன்னோம். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே, “அச்சன் போனில் சொன்னா நம்பாது அம்மா. அவிடத்துக் கம்பியில இருந்து வரட்டும்னு சொல்லுது” என்றது. உன் கம்பியிலிருந்து உன் பேரில் ஒரு கடைசி வணக்கம் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் லைசென்சு வைத்திருக்கிற சங்கத்துக்காரனைக் கூப்பிட்டோம்.

அதற்கு முன்னாலேயே செல்வம் ஒரு வேலை பார்த்திருந்தான். வருகிறவர்கள் காரை நிறுத்தவும் பந்தல் போடவும் இடம் வேண்டும் என்று ஜேசிபியைக் கொண்டுவந்து வீட்டுப் பக்கத்துக் கரிசலைச் சமன்படுத்தினான். நீ ரெண்டு பனைக்கும் நடுவில், சக்கரத்துக்கு ஆரக்கால் போல மண்ணுக்குள் பதித்து வைத்த செம்புக் கம்பி எல்லாம் குடல் சரிந்த மாதிரி வெளியே வந்தன.

“ஏலே, அது மாமா எர்த்துடா. நிப்பாட்டுடா” என்றேன்.

“அம்மா, ஏரியல் மேலதான இருக்கு. அது மேல கை வச்சமா? மண்ணுக்குள்ள கெடக்குற கம்பிக்கு என்ன வேலை?” என்றான். மேலே இருந்த கம்பிக்குச் சாமந்தி மாலை வேறு கட்டச் சொன்னான்.

பொருத்தம் என்றால் என்ன என்று நீ எனக்கு ஒருநாள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நான் கம்பு இடித்துக்கொண்டிருந்தேன். “ஒரே உரலில் ரெண்டு பேர் உலக்கை போடுறீக. அடி பொருந்தலைன்னா உலக்கை உன் கையைத்தான் திருப்பி அடிக்கும். ரேடியோவும் கம்பியும் அப்படித்தான்” என்றாய். பொருந்தாவிட்டால் அனுப்பினது திரும்பி வரும், மீட்டரில் முள் எழும்பும். பொருந்தினால் முள் படுக்கும். நீ பேசுகிற நீள அலைக்குக் கம்பி ஊர் எல்லை தாண்டிப் போக வேண்டுமாம். நமக்கோ ரெண்டு பனைதான். அந்தக் குறையை நிரவப் பிளாஸ்டிக் வாளியில் கம்பியைச் சுற்றிச் சுருள் செய்தாய். ரேடியோவுக்கும் சுருளுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்தாய். கோடையில் கரிசல் வெடித்தால் சுருளைத் திருத்துவாய். மழை பெய்தால் மறுபடி திருத்துவாய்.

இன்னொன்றும் சொன்னாய். “இவ்வளவு குட்டைக் கம்பிக்குப் பெட்டி இல்லாம முள்ளு தானாப் படுத்துச்சுன்னா சந்தோசப்படாதத்தா. எர்த்து அத்துப்போச்சுன்னு அர்த்தம். கரண்டை மண்ணு தின்னுக்கிட்டிருக்கும். வானத்துக்கு ஒண்ணும் போகாது.”

சங்கத்துக்காரன் உன் நாற்காலியில் உட்கார்ந்தான். உன் பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்தான். நேராக ரேடியோவை மாட்டினான். முள் படுத்துவிட்டது.

“பாத்தீகளா? அண்ணாச்சி தேவையில்லாம இந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுதிருக்காரு. இப்ப எப்படிப் படுத்திருக்கு பாருங்க, கெணத்துத் தண்ணி மாதிரி” என்றான். குருசாமி மச்சான் கை தட்டினார். கருமாதி வீட்டில் கை தட்டல். நான் நீ சொன்னதைச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அவன் தட்டினான். நிறுத்தினான். நாங்கள் காத்திருந்தோம். ஸ்பீக்கரில் வறுகடலைச் சட்டி மாதிரி இரைச்சல். திரும்பத் தட்டினான். அதே இரைச்சல். சோறு ஆறுகிறது என்று முத்துமாரி வாசலிலிருந்து சாடை காட்டினாள். அப்போது அவன் கையைத் தூக்கி, “வந்துருச்சு. குஞ்ஞம்பு சார் தெளிவாக் கேட்டுச்சுங்கறாரு. கண்ணீர் அஞ்சலிங்கறாரு” என்றான்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்றேன்.

“ஒங்களுக்குக் காது மந்தம்மா” என்றான் செல்வம்.

அண்ணே, நான் மூணாப்பு தாண்டாதவள். எந்தத் தட்டு எந்த எழுத்து என்று தெரியாது. ஆனால் குஞ்ஞம்பு தட்டுவதை அடுப்படியில் இருந்து எத்தனை வருசம் கேட்டிருப்பேன்? முடிக்கும்போது கடைசித் தட்டை இழுத்து விடுவார், வயசான மாடு காலை இழுக்கிற மாதிரி. அந்த இழுப்பு எனக்குத் தெரியாமல் போகுமா?

மறுநாள் அந்தப் பிள்ளை போன் செய்தது. “அச்சன் இன்னும் கேட்டுக்கிட்டிருக்கு அம்மா. ஒண்ணும் வரலை. நீங்க மறந்துட்டீங்களான்னு கேக்குது.” அதற்கு நான் என்ன பதில் சொல்ல? உன் சாவுக்குப் போட்ட பந்தல் உன் வாயை அடைத்துவிட்டது என்றா?

பந்தல்குடிக் கடைவீதியில் சங்கத்துக்காரனைப் பிடித்து நிறுத்தினேன். லாரிச் சத்தத்துக்கு நடுவில் கேட்டேன். அவன் கூசவில்லை. “அக்கா, கூட்டம் காத்துக் கெடந்துச்சு. ஒரு மரியாதைக்குச் சொன்னதுதான. எல்லாரும் நிறைவாப் போனாகல்ல?” என்றான்.

மரியாதையாம். குஞ்ஞம்பு சொன்னதில் ரெண்டு எழுத்து மழையிடியில் விட்டுப்போனது என்பதற்காக, கேட்டேன் என்று ஒப்புக்கொள்ளாமல் மறுநாள் அந்திவரை காத்துக் கிடந்தாயே, அதற்கு என்ன பேர்? “பாதி கேட்டது கேட்டதில்லத்தா” என்பாயே. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இருக்கிற மனுசன் பேரில் பொய், செத்த மனுசனுக்கு அஞ்சலி. தூ.

இப்போதைய சேதி இது. போனில் அந்தப் பிள்ளை பேசியதைச் செல்வத்தையே கேட்க வைத்தேன். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் மண்வெட்டி எடுத்தவன், பிடுங்கின கம்பியைத் தானே திரும்பப் பதித்து முடித்தான். “காது மந்தம்னு சொல்லிட்டேம்மா” என்றான். “மண்ணை நிரவுடா” என்றேன். திருச்சுழியில் லைசென்சு எடுத்திருக்கிற ஒரு டீச்சர் வந்து பார்த்தாள். பெட்டி இல்லாமல் மாட்டச் சொன்னேன். முள் முறைத்துக்கொண்டு எழும்பி நின்றது, எர்த்து திரும்பப் பிடித்துவிட்டது. அது எழும்பினதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் பெட்டியை வைத்தாள். படுத்தது.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் தட்டுகிறாள். குஞ்ஞம்புவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பதில் வந்தால் வந்தது என்பேன். வராவிட்டால் வரவில்லை என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லுவேன். இழுத்து விடுகிற அந்தக் கடைசித் தட்டைக் கேட்கும்வரை உன் அறைக்குப் பூட்டுப் போட விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

செல்வம் மண்ணைத்தான் வெட்டினான், அவனை மன்னித்துவிட்டேன். கை தட்டின குருசாமி மச்சானையும் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். ஒருத்தனை மட்டும் விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
இருளாயி

அவன் பேர் தனசேகரன்.