மேடையில் கிடந்த பெஞ்சு

ஜோகன்னஸ்பர்க்

அம்மாவுக்கு, அசோக்குமார் வணங்கி எழுதுவது. நான் சுகம். கப்பலூர்ப் பட்டறை மாதிரியே இங்கேயும் நாள் முழுக்க லேத் சத்தம்தான். உன் முழங்கால் வலி தேவலையா? இனி எழுதப்போவதைப் போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடகத்துக்குப் போனேன். இங்கே ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் மட்டும் உட்காரும் பெஞ்சுகள் இருந்தன. அதை எதிர்த்து அந்தக் காலத்திலேயே போட்ட நாடகமாம். முடிவில், "சட்டம் ஒழிந்தது, வந்து உட்காருங்கள்" என்று பார்க்க வந்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சட்டம் ஒழிவதற்குப் பல வருடம் முன்பே அப்படித்தான் முடிப்பார்களாம்.

நானும் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு வயதான கறுப்பினத்து அம்மா. "உங்கள் ஊரில் இப்படி ஆள் பார்த்து உட்காரவைப்பது உண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த பெஞ்சு நம் வாசலில் கிடக்கிறது. அதன் மறுமுனை பருத்திக்காட்டுக்குள் போய் வெயிலில் கரைகிறது. களையெடுக்க வரும் ராக்காயி அதைப் பார்த்துவிட்டு, எப்போதும் போல, "இருக்கட்டும் தம்பி, தரைதான் குளுகுளுன்னு இருக்கு" என்கிறாள்.

திருமங்கலத்து ஆள் யாராவது வந்தால் பருப்புப்பொடி கொடுத்துவிடு. கொஞ்சம் போதும், தனியாள்தானே.

இன்னொன்று. ராக்காயி அக்கா வரும்போது, உள்ளே அடுக்கியிருக்கும் நாற்காலியில் ஒன்றை எடுத்து வாசலில் போடு. வேண்டாம் என்பார். நீ அதைத் திரும்ப உள்ளே எடுத்துவிடாதே. அந்த அம்மாவிடம் நான் சொன்ன பொய்யை நீதான் மெய்யாக்க வேண்டும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

அசோக்