புல்லட் நின்ற ஐந்து நாள்

மே 12, செவ்வாய். காலை ஏழுக்கே வெயில் மண்டையில்.

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: கடலூரில் மாமா வீட்டுக் குதிரை புல்லட், இன்று காலை 7.10 மணியளவில், இடது முன்னங்காலை ஓரடி முன்னே எடுத்து வைத்தது. பின்பு எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துக்கொண்டது.

வேலையின் பெயர் லஞ்சிங். பெயரில் 'லஞ்ச்' இருக்கிறதே, சோறு உண்டு என்று நம்பி வந்தேன். நீளக் கயிற்றின் ஒரு முனையில் குதிரை, மறு முனையில் நான். நான் நடுவில் நிற்க, அது என்னைச் சுற்ற வேண்டும். நடப்பது: அது நிற்கிறது, நான் சுற்றுகிறேன்.

புல்லட் கல்யாண ஊர்வலக் குதிரை. இப்போதெல்லாம் மாப்பிள்ளையோடு நடுரோட்டில் நின்றுவிடுகிறது. மாமா விற்கப்போகிறார். சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் பக்கம், பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரும் மேடம் ஞாயிறன்று வருகிறார். கயிற்றில் ஒழுங்காகச் சுற்றினால் அவரிடம் போகும். இல்லாவிட்டால் செங்கல் சூளையில் வண்டி இழுக்க.

"அஞ்சு நாள் போதும் மாமா. சர்க்கஸே காட்ட வைக்கறேன்." சொன்னது நான்தான்.

மே 13, புதன். புழுக்கம்.

கால் வலி. தலைசுற்றல் (எனக்கு மட்டும்).

செய்து பார்த்தவை: கைதட்டல். சாட்டையால் தரையில் அடி. போனில் பேண்டு வாத்தியம். இதற்கு மட்டும் நாலடி ஆடிக்கொண்டே வந்து நின்றது. ஊர்வலத்தில் வாசலுக்கு வாசல் ஆரத்தி. நிற்கும்போதெல்லாம் யாராவது அதன் வாயில் வாழைப்பழம் வைப்பார்கள். பதினோரு வருஷப் பழக்கம்.

என்னிடம் பழம் இல்லை. அது நின்றால் நான் போய்க் கழுத்தைத் தடவி, கடலை உருண்டை கொடுத்து, "வாடா செல்லம்" என்கிறேன். நெற்றியை என் நெஞ்சில் சாய்த்துக்கொள்கிறது.

மாமா மகள் கவிதா மதில்மேல். என்னைவிட ஒரு வயது பெரியவள், வாய் பத்து வயது பெரிது.

"டேய், இதுக்குப் பேரு லஞ்சிங் இல்லடா. லஞ்சம்."

நான் சொல்லியிருக்க வேண்டிய ஜோக். முறைத்தேன்.

மே 15, வெள்ளி. மேகம், மழை இல்லை.

நேற்று எழுதவில்லை. சாப்பிடும்போதே தூக்கம்.

இன்று எழுந்திருக்கவே முடியவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் கயிறு கவிதா கையில். புல்லட் நின்றது. அவள் கிட்டே போகவில்லை, எதுவும் தரவில்லை. அதன் பின்னங்கால் பக்கமாக நகர்ந்து, சாட்டையைச் சும்மா நீட்டியபடி நின்றாள். ஐந்து நிமிடம். நடந்தது! இரண்டு முழுச் சுற்று. நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

க்ளாஸ் குரூப்பில் போட்டேன்: "புல்லட் ஸ்டார்ட் ஆயிடுச்சு மச்சான். மெக்கானிக் நான்தான்." ஏகப்பட்ட ஹார்ட்டு.

மே 17, ஞாயிறு. அனல்.

மேடம் வந்தார். தொப்பி, கூலிங் கிளாஸ், சிரிப்பு கிடையாது. கயிறு என்னிடம். அரைச் சுற்று போன புல்லட் நின்றது. நேரே என்னிடம் வந்து பேண்ட் பாக்கெட்டை மூக்கால் துழாவியது.

"முன்னால போகாத குதிரைல புள்ளைங்கள ஏத்த முடியாதுங்க" என்றார் மேடம்.

"உடுங்க மேடம். சூளக்காரன வரச் சொல்லிட்றேன்." மாமா போனை எடுத்துவிட்டார்.

"மாமா, இருங்க. அது மேல தப்பில்ல. நின்னப்பல்லாம் நான்தான் கடல உருண்ட குடுத்தேன்."

"எத்தினி?"

"ஒரு நாளைக்கு... ஒரு பாக்கெட்டு."

எல்லார் முன்னாலும் பேண்ட் பாக்கெட்டைக் கவிழ்த்து மிச்ச உருண்டைகளைக் கொட்டினேன். கயிற்றைக் கவிதாவிடம் கொடுத்தேன். நின்றது. காத்திருந்தாள். நடந்தது. மூன்றாவது சுற்றில் ஓட்டம். மேடம் கூலிங் கிளாஸைக் கழற்றிப் பார்த்தார்.

"வியாழக்கெழம குதிரைய ஏத்த வண்டி அனுப்பறேன்."

மாமா என் முதுகில் தட்டினார். "நல்ல ட்ரெய்னர்டா மாப்ள நீ. அஞ்சே நாள்ல நிக்க நல்லா பழக்கிட்ட."

குரூப்பில் போட்டதை இன்னும் அழிக்கவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்: உருண்டைக்காகத்தான் நிற்கிறது என்று வெள்ளிக்கிழமையே எனக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தும் சனிக்கிழமை ஒரு பாக்கெட் கொடுத்தேன். அது நின்றால்தான், உருண்டை கொடுக்கும் சாக்கில், நானும் நிற்கலாம். கால் அவ்வளவு வலி.