வெறும் தண்ணீருக்குப் பூஜ்யம்

1996 ஜூன் 11, செவ்வாய்
விடாத மழை. பனச்சமூட்டில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். லேபில் இன்றும் தோல்வி.

அமினோ அமிலத்தைக் கலந்து பாலிமர் படலம் செய்ய வேண்டும், பிறகு அந்த அமிலத்தைக் கழுவி எடுத்துவிட வேண்டும். அதன் வடிவில் குழிகள் மிஞ்சும். அதே அமிலம் திரும்ப வந்தால் குழியில் உட்காரும், மீட்டர் முள் நகரும். மூன்று வருடமாக இதே வேலை. என் சனியனோ வெறும் தண்ணீருக்கே முள்ளை ஆட்டுகிறது. எத்தனை முறை கழுவியும் பழைய அமிலம் உள்ளேயே.

கைடு தன் மலையாளத் தமிழில் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை வெறும் வெள்ளத்தில பூஜ்யம் காட்டணும். இல்லெங்கில் ஸ்காலர்ஷிப் நீட்ட முடியாது."

ஜூன் 12, புதன்
மழை. எங்கள் ரப்பர் மரங்களில் பால் வெட்டு இல்லை. நானும் லேபுக்குப் போகவில்லை.

கழுவ ஃபார்மிக் ஆசிட் வேண்டும். லேபில் தீர்ந்தது, எழுதிப் போட்டால் ஒரு மாதம். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் அடித்த புரையில் அப்பாவின் குப்பி! ரப்பர் பாலை உறைய வைக்கிற அதே ஆசிட். அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம். இப்போது பாலாகவே விற்கிறோம், குப்பி மட்டும் வைத்த இடத்தில். மூடியில் தூசி இல்லை. ஏனென்று யோசிக்கவில்லை.

திறந்தேன். அப்பாவின் கை, சட்டை, தோளில் போட்ட துண்டு, எல்லாம் அந்த வாடைதான். அழுதுவிட்டேன்.

அம்மா பின்னால் நின்றிருந்தாள். "அது உனக்க அப்பா வச்ச குப்பியாக்கும்." மூடியை அவளே இறுக்கி, "எடுத்தோண்டு போ மக்கா. குப்பிய திரிச்சு கொண்டு வரணும், கேட்டியா?"

ஜூன் 13, வியாழன்
மடச்சி நான். அவசரத்தில் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றினேன். படலம் சுருண்டு கழன்றது. மிச்சம் ஒரே படலம். குப்பியில் ஒரு விரற்கடை ஆசிட்.

அப்பா ஒருநாளும் நேராக விட்டதில்லை. வாளித் தண்ணீரில் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக. "தண்ணியிலயாக்கும் ஆசிட்ட விடணும்." சின்ன வயதிலிருந்து பார்த்தது. எம்.எஸ்ஸி. முடித்ததும் மறந்தாயிற்று.

அப்பா செய்தது போலவே கலந்து, கடைசிப் படலத்தை ஊறப் போட்டேன். குப்பி காலி.

ஜூன் 14, வெள்ளி
வெயில். வெறும் தண்ணீர்: முள் அசையவில்லை. அமினோ அமிலம் ஒரு துளி: நகர்ந்தது. கைடு இரண்டு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார்.

"ஏது ஆசிட்?"

"வீட்டில உண்டாயிருந்ததாக்கும் சார்."

சிரித்தார். கையெழுத்துப் போட்டார்.

லேப் பழக்கம், குப்பியை மூன்று முறை அலசிக் காயவைத்தே கொண்டுவந்தேன். அம்மா வாங்கி, மூடியைத் திறந்து மூக்கருகே வைத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"கழுவிட்டியா மக்கா?"