கடைவாய்ப் பல்லோரத்து எழுத்து

786

கோவில்பட்டி
20-11-1981, வெள்ளி

அன்பு மகன் தாவூதுக்கு அம்மா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் உன் நெஞ்சுக்குத் திடம் தரட்டும்.

அத்தா பெயருக்கு நீ எழுதிய கடிதம், அவரை அடக்கிய மூன்றாம் நாள் வந்தது. பிரித்தபோது இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கூட்டியோ குறைத்தோ சொல்லக் கூடாது. அத்தாவுக்காக நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருப்பதால் நான் திரைக்கு உள்ளே. என்னோடு உன் தங்கை சுலைகா. திரைக்கு வெளியே பள்ளிவாசல் இமாம், பக்கத்து வீட்டு அழகிரிசாமி அண்ணாச்சி. ஆக நாலு பேர். சுலைகா உரக்க வாசித்தாள்.

நீ தபாலில் போட்ட தேதி அக்டோபர் 30. அத்தா நவம்பர் 2 காலையில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். நீ எழுதும்போது உயிரோடு இருந்தார், அதை நினைத்து ஆறுதல் கொள். அன்று நல்ல மழை. அடக்க மையத்தாங்கரைக்குப் போனவர்கள் காலில் கரிசல் அப்பி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

விளாத்திகுளத்துப் புஞ்சையில் மிளகாய் நாற்று நட்டாகிவிட்டது. ஆள் விட்டது அழகிரிசாமி அண்ணாச்சிதான்.

உன் கடிதத்தைப் பிறகு நானே நாலு தடவை வாசித்தேன். ‘ளாது’ என்ற அரபு எழுத்து, நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பிறப்பது என்று ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட இலக்கண நூலில் இருக்கிறதாம். இன்று அரபிகளே அப்படிச் சொல்வதில்லையாம். நம் பக்கத்தார் ‘ள’ என்பது பழைய ஒலிக்குக் கிட்டத்தில் இருக்கிறது, நான்தான் அவசரப்பட்டேன் அத்தா, என்று எழுதியிருந்தாய். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பொட்டலத் தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். ஆனாலும் ‘ரமளான்’ என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நாக்கோரம் பல்லில் பட்டது. வடக்கே ரம்ஜான் என்கிறார்களே, அப்படிச் சொன்னால் படவில்லை.

முந்தின வருஷ ரமளானை நீயும் மறந்திருக்க மாட்டாய். அத்தா முன்னால் நின்று தொழவைத்தார். அல்ஹம்து சூராவின் முடிவில் ‘வலள்ளால்லீன்’ என்றார். நீ பின்னாலிருந்து லுக்மா கொடுத்தாய். ஓதுகிறவர் மறந்துபோனால் எடுத்துக் கொடுப்பதுதான் லுக்மா. மறக்காத மனுஷருக்கு நீ எடுத்துக் கொடுத்தாய், தொண்டை கனக்க, ஒரு ‘த’ மாதிரி. அதை எழுதத் தமிழில் எழுத்து இல்லை. அத்தா மூன்று தடவை முயன்றார். வரவில்லை. நாலாவது தடவை பழையபடியே ஓதி முடித்தார். திரைக்குப் பின்னால் பெண்கள் வரிசையில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

வெளியே வந்ததும் யாரோ, “என்ன ராவுத்தரே, மகன் அத்தாவுக்கே பாடம் எடுத்துட்டான் போல” என்று கேலி பேசினாராம். “அதுக்குத்தானேய்யா படிக்க அனுப்புனேன்” என்று அத்தா சிரித்தாராம். ஆனால் அன்றோடு முன்னால் நிற்பதை விட்டுவிட்டார். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்: ஒரு வருஷம், மூன்று மாசம், பன்னிரண்டு நாள். கடைசி வரிசை, தூணுக்குப் பக்கம். வீட்டில் தொழும்போதும் அந்த இடம் வந்தால் சத்தத்தை விழுங்கிவிடுவார். உன்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், “ஏட்டி, இத்தனை வருஷமா என் பின்னால நின்னவிய தொழுகையெல்லாம் என்னத்துக்கு ஆகும்?” என்று கேட்டார்.

சுலைகா வாசித்து முடித்ததும், “இந்தக் கடுதாசி மூணு நாளைக்கு முந்தி வந்திருக்கப்படாதா” என்றார் அழகிரிசாமி அண்ணாச்சி. இமாம் உன்னைப் போல வடக்கே ஓதியவர், அந்த எழுத்தைக் கனமாகச் சொல்கிறவர்தான். அவர், “நாக்குக்கு முடிஞ்சபடி ஓதுனா அல்லாஹ் ஏத்துக்கிடுவான்மா. ராவுத்தர் தொழுகையும் கூடும், அவிய பின்னால நின்னவிய தொழுகையும் கூடும்” என்றார். அத்தா இருந்தபோது இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம். நானும் கேட்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது, உன்னுடையதோடு சேர்த்துக்கொள்ளாதே.

தந்தி கொடுத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. அது உன் கைக்குக் கிடைத்ததை உன் அறைத்தோழர் ஒரு கார்டில் எழுதினார். நீ ஒரு வரி எழுதவில்லை. ஐதராபாத்திலிருந்து வர ரயில் இல்லாமல் இல்லை. முகம் காட்டக் கூசுகிறாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை, நாற்பதாம் நாள். அன்று அந்தி மக்ரிபு தொழுகைக்கு நீ முன்னால் நின்று தொழவைக்க இமாம் சம்மதித்திருக்கிறார். அல்ஹம்து முடிகிற இடத்தில் உன் அத்தா சொன்னபடி ஒரு தடவை சொல்லு மகனே. உரக்கச் சொல்லு. பள்ளிவாசலில் ஓதுவது நம் பின்கட்டு வரைக்கும் கேட்கும். நான் இங்கிருந்தே ஆமீன் சொல்லிக்கொள்வேன்.

எந்த ரயிலில், எந்தத் தேதி வந்து சேருவாய் என்று உடனே பதில் எழுது.

துஆவுடன்,
உன் அம்மா
மீராம்மாள்