எல்லாத் தலைக்கும் ஒரே காது

பிப்ரவரி 4

என் வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறோம். போனில் பேசலாம்தான். ஆனால் அம்மா கையிலிருந்து அதை நான் வாங்குவதற்குள் உனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் எனக்குக் காகிதம்தான் கதி.

பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. ஒரு பள்ளிக்கூடம் மொத்தமாக ஆர்டர் கொடுத்திருக்கிறது. வாசலிலிருந்து நூலகம் வரை வரிசையாக மார்பளவுச் சிலைகள் வேண்டுமாம். எல்லாரும் விழுந்து எழுந்த மேதைகளாக இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒற்றைக் காலோடு ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டிய நம் பாலக்காரர், திக்குவாயோடு பிறந்து சபையையே எழுந்து நிற்கவைத்த பேச்சாளர், பள்ளியில் சேர்க்க மறுத்தும் நட்சத்திரங்களுக்கு வரைபடம் போட்ட சலவைக்காரரின் மகள். வழக்கம்போல எல்லார் காதுக்கும் அம்மா காதில் எடுத்த அந்தப் பழைய அச்சுதான். "என் காத வச்சுத்தான் ஊர்ல இருக்கிற மேதையெல்லாம் பொழைக்குது" என்று பெருமையடித்துக்கொண்டு திரிகிறாள்.

புதிதாக ஒரு தலையும் தொடங்கியிருக்கிறேன். யாரென்று இப்போது சொல்லமாட்டேன். களிமண் காயாமல் ஈரத் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். மார்பளவுச் சிலையில் கை வராது, உனக்கே தெரியும். இதில் மட்டும் ஒரு கை உண்டு.

அறுவை சிகிச்சைப் பயிற்சி எப்படிப் போகிறது? போன கடிதம் டைப் அடித்து வந்தது. உன் கோழிக்கிறுக்கலைப் பார்க்காமல் அம்மாவுக்கு என்னவோ போல இருக்கிறதாம். எனக்கும்தான்.

அன்புடன்,
அப்பா

மார்ச் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அம்மா காதை நினைத்துச் சிரித்தேன். சிரித்து நாளாகிவிட்டது.

டைப் அடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. என் வலது கை நடுங்குகிறது. தூக்கம் போதவில்லை, சரியாகிவிடும் என்று முதலில் விட்டுவிட்டேன். போன மாதம் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது பெரிய டாக்டர் ஊசியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நரம்பு டாக்டரிடம் காட்டினேன். உயிருக்கு ஒன்றுமில்லையாம், ஆனால் இது போகாதாம். கத்தி பிடிக்கத் தேவையில்லாத வேறு பிரிவுக்கு மாறிக்கொள் என்கிறார்கள். இப்போது எனக்கு எதையும் யோசிக்கத் தெம்பில்லை.

கொஞ்ச நாள் வீட்டுக்கு வரட்டுமா, அப்பா? அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வாயாடி

மார்ச் 16

என் வாயாடிக்கு,

நீ பயந்துவிட்டாய், அவ்வளவுதான். நரம்பு டாக்டர் சொன்னால் சொன்னதுதானா? பாலக்காரரிடமும் இனி நடக்கமாட்டாய் என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். அவர் கட்டிய பாலத்தில் இன்றைக்கும் லாரி போகிறது. நம் பேச்சாளர் சுவரைப் பார்த்து வருஷக்கணக்கில் பேசிப் பழகினார். அக்கம்பக்கத்தில் பைத்தியம் என்றார்கள். சலவைக்காரர் மகளைப் பற்றித் தனியாக இரண்டு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நிதானமாகப் படி. இந்தத் தலைகளோடுதான் காலம் முழுக்கக் கிடக்கிறேன் என்பதால் சொல்கிறேன், இவர்களில் ஒருவர்கூடப் பாதியில் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ ஜெயித்த பிறகு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம். மனதைத் தளரவிடாதே. அந்தப் புதுத் தலை நன்றாக வந்துகொண்டிருக்கிறது. பார்த்தால் அசந்துபோவாய்.

அன்புடன்,
அப்பா

ஏப்ரல் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்தப் புதுத் தலையைப் பார்த்துவிட்டேன். அம்மா பட்டறையில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஈரத் துணிக்கு வெளியே ஒரு கை. அதில் கத்தி. கட்டைவிரலில் ஒரு தழும்பு. சின்ன வயதில் உங்கள் உளியை எடுத்து நான் கிழித்துக்கொண்ட அதே தழும்பு. அந்தக் கை கொஞ்சம்கூட நடுங்காமல் இருக்கிறது. அது நிற்கிற வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு வருவேன்?

உங்கள் மேதைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கஷ்டப்பட்டது நிஜம். ஆனால் திக்குவாயோடு பிறந்து, சுவரைப் பார்த்து வருஷக்கணக்கில் பேசியும் திக்குவாயோடே செத்துப்போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களுக்கு யார் சிலை செய்தார்கள்? நானும் முயற்சி செய்தேன் அப்பா. வாழைப்பழத் தோலுக்குத் தையல் போட்டுப் பழகினேன், மணிக்கட்டைக் கட்டிப் பார்த்தேன், மாத்திரை போட்டுப் பார்த்தேன். கை கேட்கவில்லை.

அதே படத்தில் மூலையில் மூக்கு உடைந்த பழைய பாலக்காரர் சிலையும் இருந்தது. பள்ளிவிட்டு வந்ததும் அவர் காதில்தானே பையை மாட்டுவேன். அவரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

இனிமேல் எனக்கு மேதைகளை அனுப்பாதீர்கள். வேறு எழுத ஒன்றுமில்லை என்றால் கடிதமும் வேண்டாம்.

உங்கள் மகள்

ஏப்ரல் 25

என் வாயாடிக்கு,

மறைக்காமல் சொல்கிறேன், உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பதிலுக்குப் பெரிதாக எழுத உட்கார்ந்தேன். இன்னொரு மேதையைக்கூட யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் அம்மா வந்து உன் கடிதங்களை எல்லாம் வாங்கிப் படித்துவிட்டாள்.

"பொண்ணு கை நடுங்குதுன்னு எழுதியிருக்கா. வலிக்குதாம்மான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? செத்துப்போனவங்க கதையா எழுதித் தள்ளுறீங்க" என்றாள். அதோடு அடுக்களைக்குப் போய்விட்டாள். இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பட்டறைக்குப் போய்த் துணியை எடுத்தேன். உனக்கு மட்டும் நான் அச்சைத் தொடவில்லை, காதைக் கையாலேயே செய்திருந்தேன். நன்றாக வந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கத்தியை எடுத்துப் போட்டேன். விரல் விரலாகப் பிசைந்தேன், கடைசியில் முகத்தையும். எல்லாவற்றையும் களிமண் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். அழுதேன். இந்த வயதில் அதில் என்ன வெட்கம்.

திக்குவாயோடே செத்தவர்களுக்கு யார் சிலை செய்தார்கள் என்று கேட்டாயே. யாரும் செய்யவில்லை. ஆனால் அவர்கள் தோற்றுப்போய் வந்த நாட்களில் வீட்டில் யாராவது கதவைத் திறந்துவிட்டிருப்பார்கள். வரட்டுமா என்று என் பெண் கேட்டபோது நான் அதைக்கூடச் செய்யவில்லை.

இதில் கதை எதுவும் இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்.

கை வலிக்கிறதா, கண்ணு?

அப்பா

மே 12

அப்பா,

இதைக் கையால்தான் எழுதுகிறேன். கோழிக்குக்கூட இதைவிட நன்றாக வரும். இருந்தாலும் அம்மாவிடம் காட்டுங்கள், கேட்டாளே.

வலிக்கவில்லை. பேனா பிடித்தால் கொஞ்சம் இழுக்கிறது, அவ்வளவுதான். இங்கே எல்லாரும் எப்போதிருந்து நடுங்குகிறது என்று கேட்டார்கள். வலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வருகிறேன். அப்புறம் என்ன செய்யப்போகிறாய் என்று கொஞ்ச நாளைக்குக் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

ஒரு பெட்டியும் ஒரு பையும்தான் இருக்கும். மூக்கு உடைந்தவரின் காதில் தூசி படிந்திருக்கும், துடைத்து வையுங்கள்.

வாயாடி