நான் அறுத்துப் போட்ட பட்டு நூல்கள்

என் தங்கச்சியைக் கட்டும் முன்பே தோழனாயிருந்த மாப்பிள்ளைக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. மெட்ராஸ் பஸ்ஸில் உன் இடத்தில் யார் யாரோ உட்காருகிறார்கள். என்னால் தாங்க முடியவில்லை, ஆனாலும் நகர்ந்து இடம் விடுகிறேன். இன்று எழுதுவது அதற்காக இல்லை. நான் ஒரு காரியம் செய்து தொலைத்துவிட்டேன்.

நம் கம்ப்யூட்டர் அறையில் உன் அலமாரி. ஒவ்வொரு புரோகிராமும் துளை போட்ட அட்டைகளாக ஒரு கட்டு. பிள்ளையார்பாளையம் வீட்டில் தறியடியில் கிடக்கும் பட்டு நூலால் அவற்றைக் கட்டி வைத்திருந்தாய். ஒன்றில் சிவப்பு மட்டும், சிலவற்றில் நாலு நிறம். "நெசவுக்காரன் புத்தி எங்க போவும்" என்று ஆபீசில் சிரித்தார்கள். நானும் நெசவுக்காரன் மகன்தான், நானும் சிரித்தேன். நீ போன மறுவாரம், அலமாரி ஒழுங்காக இருக்கட்டும் என்று எல்லா நூலையும் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு ரப்பர் பேண்டு மாட்டினேன். பாராட்டு வேறு கிடைத்தது.

போன வாரம் நான் எழுதிய ஒரு சின்னக் கணக்கை மாற்றினேன். மார்க்கில் அரை வந்தால் முழுதாக்குமே, அது. இனி அரையை அப்படியே விடட்டும் என்று மாற்றினேன். என் புரோகிராமைத் தவிர வேறு எது அதைக் கூப்பிட்டுப் பயன்படுத்தப் போகிறது?

மூன்று நாளாகப் பரீட்சைப் பட்டியல் தப்பாக வருகிறது. முப்பத்தைந்தில் தேற வேண்டிய பிள்ளைகள் முப்பத்துநாலரையில் தோற்கிறார்கள். நாளை அச்சுக்குப் போக வேண்டும். பட்டியல் போடுவது உன் புரோகிராம், என் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் கட்டுகளை அட்டை அட்டையாகப் புரட்டிவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. "செத்தவன் புரோகிராம நம்புனா இப்படித்தான். மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கப்பா" என்றார் அதிகாரி. நான் வாயைத் திறக்கவில்லை. எப்படி முடிந்தது என்னால்?

இன்று சாயங்காலம் தங்கச்சி சரோஜாவிடம் சொல்லி அழுதேன். உன் டிரங்குப் பெட்டியிலிருந்து, காய்ச்சலில் படுத்தபோது நீ வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு கட்டை எடுத்து வந்தாள். அதில் நூல் அப்படியே இருந்தது.

"கட்டுக்கு ஒரு நெறம்ணா. ஒண்ணு இன்னொண்ண கூப்புட்டா அதோட நூலையும் சேத்து கட்டுவாரு. ஒண்ணுல கை வெச்சா எது எது கெடும்னு பாத்தாவே தெரியணும்னு சொல்லுவாரு. நான்தான நூல் பொறுக்கிக் குடுத்தேன்."

"இந்த மஞ்சள் எதோடது?"

"உன் கணக்குதான். மச்சான் கணக்கு தப்பாதுன்னு சொல்லிக்கினேதான் முடிச்சு போட்டாரு. அவரு கட்டுங்கள்ல பாதிக்கு மஞ்சள் இருக்குதே, நீ பாக்கலியா?"

பார்த்தேன், மாப்பிள்ளை. என் கையால்தான் அறுத்தேன். ஏன் என்று உன்னை ஒரு நாளாவது கேட்டேனா?

நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறேன். அதிகாரி வந்ததும், தப்பு செத்தவனுடையது இல்லை, என்னுடையது என்று எல்லார் எதிரிலும் சொல்வேன். என் கணக்கைப் பழையபடி மாற்றுவேன். வேலையை விட்டுத் துரத்தினால், உன் அலமாரிக் கட்டுகளை மறுபடி நூலால் கட்டி முடிக்க மட்டும் நாள் கேட்பேன். சரோஜா ஒரு பை நிறைய நூல் கொடுத்திருக்கிறாள். மஞ்சள்தான் அதிகம்.

கணக்கு தப்பிய உன் மச்சான்,
ஏகாம்பரம்